ஒளு செய்து வாசித்த செய்தி

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். என்ஜின் அறைதான் அவருக்கு உலகம். செங்கடலில் போகிற வருகிற கப்பல்களையெல்லாம் ஏவுகணை விட்டு அடித்துக்கொண்டிருந்த சமயம், அவருடைய கப்பல் அங்கே ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தது. சிக்னல் கிடைத்தால் பேசுவார். கிடைக்காத நாளில் நான் செத்துப் பிழைப்பேன்.

கம்பெனிக்குப் போன் போட்டால் நான் ஹலோ சொல்வதற்குள் "ஆல் சேஃப் மேடம்" என்று ஒரு குரல் சொல்லிவிடும். எந்தக் கப்பல் என்றுகூடக் கேட்காது. நம்முடைய சேனல்களைப் போட்டாலோ நடிகர் வீட்டுக் கல்யாணம், நடுநடுவே நகைக்கடை விளம்பரம். டிவியை உடைக்கலாம் போல வரும்.

கடைசியாகப் பேசியபோது அவர்தான் அந்த அரபி சேனலைச் சொன்னார். "இந்த ஊர்ல இருந்து தப்பிச்சிப் போனவங்க வெளிநாட்டுல உக்காந்து நடத்துதாங்க. இங்கன உள்ளவங்க பயந்துகிட்டு வாயத் தொறக்க மாட்டாங்க, ஆனா சேதிய அவங்களுக்கு அனுப்பிருவாங்க. கப்பலுக்கு வார ஏஜென்ட்டும் அதத்தான் பாக்கான். மத்தியானச் செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு இதே ஊர்தானாம். அவ அம்மா இன்னும் இங்கனதான் இருக்காளாம்." அத்தோடு சிக்னல் போய்விட்டது.

யூடியூபில் தேடி டிவியில் போட்டேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. அரபியில் எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டு லாத்தாவைக் கூப்பிட்டேன். காயல்பட்டினத்தில் பிறந்து எங்கள் முத்தையாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்; நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் அவளை, அக்காவுக்கு அவர்கள் சொல்கிற வழக்கப்படி, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து குர்ஆன் வேதம் ஓதுகிறவள். வந்ததும் கையை விரித்துவிட்டாள்.

"ஏளா, எனக்கு எழுத்துக் கூட்டி ஓதத்தான் தெரியும். அர்த்தம் தெரியாது. நாங்க ஓதுறதுல எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி இருக்கும். இதுல அதுவும் இல்ல, ஓட்டமா வேற ஓடுது."

"ஊர் பேர் வருதான்னு மட்டும் பாருங்க லாத்தா. அது போதும்."

எழுந்து போய்க் கை, முகம், கால் எல்லாம் கழுவிக்கொண்டு வந்தாள். ஓதுவதற்கு முன்னால் அவர்கள் செய்கிற ஒளு. செய்திதானே, இதற்கு எதற்கு என்றேன். "எழுத்து அதே எழுத்துதானளா" என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு மத்தியானம் சாப்பிட்ட கையோடு தினமும் இதே வேலை. அடியில் ஓடும் வரியை லாத்தா வேதம் ஓதுவது போலவே ராகத்தோடு ஓதுவாள். அந்த ஊர் பேர் வந்தால் விரலை உயர்த்துவாள். வேதத்தில் அடிக்கடி வருவதால் நாலைந்து வார்த்தைகளுக்கு மட்டும் அவளுக்கு அர்த்தமும் தெரியும்: கப்பல், கடல், நெருப்பு, மவுத்து என்கிற சாவு. "லாத்தா, இது பெட்ரோல் விலையா இருக்கும், இதுக்கு ஏன் இம்புட்டு ராகம்?" என்று கிண்டல் செய்வேன். இருவரும் சிரிப்போம். அந்த ராகம் கேட்கிறவரை எனக்கு உயிர் நிற்கும்.

ஒரு நாள் அந்தப் பெண் வாசிக்கும்போது மேசைமேல் அவளுடைய போன் இருந்தது. அதற்கு முன்னால் அதை நான் பார்த்ததில்லை. படம் எதுவும் காட்டவில்லை. அவள் முகமும், அடியில் சிவப்பில் ஓடுகிற வரியும்தான். லாத்தா வழக்கம்போல ஆரம்பித்தாள். ஊர் பேர் வந்தது, விரல் உயர்ந்தது. அதற்கப்புறம் ராகம் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன லாத்தா போட்டிருக்கான்?"

"புரியலளா. வேகமா ஓடுது."

அதே வரி மறுபடி வந்தது. இந்தத் தடவை உதடும் அசையவில்லை. முந்தானையை மெல்லத் தலையிலிருந்து இறக்கினாள். ஓதுங்க, ஓதுங்க என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்தேன். கணவருக்குப் போன் போட்டேன், போகவில்லை. கம்பெனிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. நான் கரித்துக் கொட்டிய அந்த "ஆல் சேஃப்" குரலை ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று தவித்தேன்.

கடைசியில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அவர்தான்.

"எங்க கப்பல் இல்லளா. பக்கத்துல நின்னுச்சே, அது. ஏஜென்ட் போன்ல பேசுதேன். பெறகு கூப்பிடுதேன்."

மாதாவே என்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. இனி இந்தச் சனியனைப் பார்க்க வேண்டாம் என்று டிவியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன்.

"இரி" என்றாள் லாத்தா.

முந்தானையை மறுபடி தலைக்கு இழுத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு வரி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்ததை இப்போது சத்தமாக, ராகமில்லாமல் ஓதினாள். தெரிந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொன்னாள். கப்பல். நெருப்பு. மவுத்து.

"எந்த வீட்டு ஆம்பளையளோ" என்றாள்.

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். திரையில், அம்மாவை அதே ஊரில் விட்டு வந்த அந்தப் பெண் மேசைமேல் கிடந்த தன் போனைப் பார்த்துப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள்.