ஜெயம்மா வீட்டுக்கு வந்த சாமி

ஜெயம்மாவுக்கு வாய் நீளம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர்கூட அவள் ஏறினால் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

அவள் புருஷன் கஜபதி. சொந்த நிலத்தில் கடலை போடுகிறவன், நல்ல உழைப்பாளி. குடி மட்டும் இல்லையென்றால் தங்கம். குடி மட்டும் இல்லையென்றால் தங்கம் என்று எங்கள் ஊரில் எத்தனை தங்கம் கிடக்கிறது தெரியுமா! காலையில் பல் துலக்குமுன் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் அவன் கை நடுக்கம் நின்று டீ கிளாஸைப் பிடிக்கும். ஆனால் ஒன்று. எவ்வளவு ஏற்றிக்கொண்டு வந்தாலும் தெருமுனையிலிருந்தே “ஜெயம்மா! ஏய் ஜெயம்மா!” என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவான். கால் தடுமாறும், அந்தப் பெயர் தடுமாறாது.

குடியை நிறுத்த எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி மாலை போடுவது. கழுத்தில் மாலை இருக்கிறவரை சாமி பயத்தில் தொட மாட்டார்கள். கழற்றிய அன்றைக்கு விட்டதையும் சேர்த்துக் குடிப்பார்கள், அது வேறு. போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஜெயம்மா அவனைத் திருத்தணி மலைக்கு இழுத்துக்கொண்டு போய் மாலை போடவைத்தாள். மாலை போட்டவனைப் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். முந்தின நாள்வரை “எழவெடுத்தவனே” என்று கூப்பிட்டவள், “சாமி, சாப்பிட வாங்க சாமி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் வீட்டில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கஜபதி கூடத்தில் நின்று ஆடுகிறான். கைகால் உதறுகிறது. வேர்வை கொட்டுகிறது. பார்வை எங்கேயோ இருக்கிறது.

“பாவாவுக்கு அருள் வந்துட்ச்சி!” என்று கத்தினான் ஜெயம்மாவின் தம்பி குணசேகரன். திருவிழாக்களில் பம்பை அடிக்கிறவன். அருள் வந்தவர்களை அவன் பார்க்காததா? ஓடிப்போய்ப் பம்பையைக் கொண்டுவந்து அடிக்கத் தொடங்கினான். தெருவே கூடிவிட்டது. ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள்.

வந்தது வந்தோம் என்று நானும் கேட்டேன். “என் பொண்ணு கனிமொழிக்கு எப்ப வரன் அமையும் சாமி?”

“எறும்பு! எறும்பு! உன் சேல மேல ஏறிகினு வருது, தட்டு!” என்றான் கஜபதி.

“சாரி சாரியா மாப்பிள்ளைங்க வரப்போறாங்கன்னு அர்த்தம்,” என்றான் குணசேகரன். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அப்போது ஜெயம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். “சாமி, ரெண்டு வாய் குடிங்க.” கஜபதி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீ யாரும்மா?”

கூட்டம் “அரோகரா!” என்றது. ஜெயம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னம்மாக்கா, இது சாமி இல்ல. சாக்கடையில கெடந்தப்பகூட எம் பேர மறந்ததில்ல இந்த ஆளு. என்னமோ ஆயிட்ச்சி. செத்துடுவாருக்கா.”

“வாயக் கழுவுக்கா!” என்றான் குணசேகரன். “முருகனுக்கு உன்னத் தெரியணுமா இன்னா?”

“எல்லாரையும் தெரிஞ்ச சாமிக்கு என்ன மட்டும் தெரியாதா?”

குணசேகரன் பம்பையை இன்னும் வேகமாக அடித்தான். அவ்வளவுதான்.

ஜெயம்மா 108-க்குப் போன் போட்டாள். வண்டியும் வந்துவிட்டது. ஆனால் கூட்டம் வழிவிடவில்லை. மாலை போட்ட சாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தெய்வக் குத்தம் ஆகிவிடாதா என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கஜபதிக்கு மூச்சு வாங்கியது. இப்போது ஜெயம்மா வாயைத் திறப்பாள், எல்லோரும் சிதறுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. நெடுஞ்சாண்கிடையாகப் புருஷன் காலில் விழுந்தாள்.

“அப்பா முருகா! வாசல்ல மயிலு வந்து நிக்குது. மலைக்குப் போலாம், ஏறிக்கப்பா!”

கஜபதி வாசலைப் பார்த்தான். வண்டியின் தலையில் நீல விளக்கு சுழன்றது. “ஆங்... மயிலுதான்,” என்று அவனே நடந்து போய் ஏறிக்கொண்டான். சாமியே ஏறினால் யார் தடுப்பது? குணசேகரன் வண்டிக்கு முன்னால் மெயின்ரோடுவரை பம்பை அடித்துக்கொண்டு போனான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்தார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“இத்தன வருஷம் குடிச்ச உடம்புங்க. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். மருந்து குடுத்து, கூடவே வச்சுப் பாத்துதான் நிறுத்தணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும். முன்னாடியே இங்க வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“இதுக்கு ஆஸ்பத்திரியில வைத்தியம் கீதுன்னு யாரும்மா எங்களுக்குச் சொன்னாங்க?” என்றாள் ஜெயம்மா. “ஒயின்ஷாப் எங்கன்னு கேளுங்க, நேத்துப் பொறந்த கொழந்த சொல்லும்.”

டாக்டரம்மா கட்டில் பக்கம் திரும்பி ஊசியை எடுத்தார்.

ஜெயம்மா கட்டிலைவிட்டு நகரவில்லை. ஊசியும் மருந்துமாக உதறல் அடங்கி, ஒருநாள் கஜபதி கண்ணைத் திறந்தான். “ஏய் ஜெயம்மா, இன்னாத்துக்கு என்ன இங்க கொண்டாந்து போட்டுக்கிற?” என்றான்.

“எழவெடுத்தவனே!” என்று வார்டே அதிரக் கத்திவிட்டு அவன் மார்பில் விழுந்து அழுதாள். கழுத்தில் இன்னும் மாலை இருந்தது. சாமி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். போகட்டும், முருகன் மன்னிப்பான்.

அப்புறம் மாத்திரை, டவுன் பஸ், ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் என்று போய்வந்தான். நடுவில் ஒருமுறை வழுக்கி, குடித்துவிட்டு வந்தான். அன்றைக்குக் கிடைத்த திட்டில் எங்கள் வீட்டு நாய்கூட வெளியே வரவில்லை. மறுநாள் காலை அவளே அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கஜபதி புஷ்பக் காவடி எடுத்தான். ஊரே கூடப் போனோம். முன்னாலும் பின்னாலும் காவடிகள் சுழன்று ஆடுகின்றன. குணசேகரன் கஜபதியின் காதோரம் நின்று பம்பையைப் பிளந்து கட்டுகிறான். கஜபதி மட்டும் ஆடாமல் படி ஏறுகிறான்.

“இன்னா பாவா, சாமி வரலியா?”

“வராதுடா. டாக்டரம்மா மாத்திரை குடுத்துக்கிறாங்க.”

எல்லோருக்கும் சப்பென்று போய்விட்டது. கனிமொழிக்காக இன்னொரு குறி கேட்கலாம் என்று வந்த எனக்கும்தான். ஜெயம்மா மட்டும் காவடியைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். துளி நடுக்கம் இல்லை. திடீரென்று படியிலேயே உட்கார்ந்து, தோள் குலுங்க ஓவென்று அழுதாள்.

“இந்தம்மாவுக்கு அருள் வந்துட்ச்சி!” என்று யாரோ ஒருத்தி கற்பூரத்தோடு ஓடிவந்தாள். நான்தான் அவளைத் தடுத்து, “சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல, போம்மா அந்தாண்ட!” என்று விரட்டினேன்.