பின்னால் வந்த பாக்கெட்

வடமதுரை சாலையில் ஒரு மசாலாப்பொடி கம்பெனியில் நான் எலெக்ட்ரீஷியன். எங்கள் லைனில் பாக்கெட்டுகள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வழியில் ஒரு மெஷின் ஒவ்வொன்றையும் எடை போடும். எடை குறைந்தால், இரண்டு முழம் தள்ளி நிற்கும் இரும்புக் கைக்குத் தகவல் சொல்லும். கை உடனே தட்டக் கூடாது. அந்தப் பாக்கெட் தன் முன்னால் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, பக்கத்துப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் மெஷினில் வைப்போம். அதற்கு 'டிலே' என்று பெயர்.

போன வருடம் புதிதாக வந்த மேனேஜர் முதல் வாரமே பெல்ட் வேகத்தைக் கூட்டினார்.

"சார், டிலேயைக் குறைக்கணும். இல்லாட்டி கை தட்டுறதுக்குள்ள பாக்கெட் தாண்டிப் போயிரும்" என்றேன்.

"அது ஆட்டோமேட்டிக் மெஷின். அதுக்கே தெரியும். நீங்க செட்டிங்ல கை வைக்காதீங்க."

மெஷினுக்குத் தெரியவில்லை. எடை குறைந்த பாக்கெட் கையைத் தாண்டிக் கடைக்குப் போனது. அதன் பின்னால், ஒரு பாவமும் அறியாமல் வந்த நல்ல பாக்கெட் அடி வாங்கிப் பெட்டியில் விழுந்தது. வேகம் கூடியதால் பொடியும் முன்னைப்போல ஒழுங்காக விழவில்லை. மத்தியானத்துக்குள் பெட்டி நிரம்பிவிட்டது.

மேனேஜர் பெட்டியைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, எவ்வளவு ஸ்ட்ரிக்டா பிடிக்குது!" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, பொடி கொட்டும் பெண்கள் கவனமில்லாமல் கொட்டுவதால்தான் எடை குறைகிறது என்று கண்டுபிடித்தார். அவர்களில் முன்னால் நின்ற பெண்ணுக்கு மெமோ கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னதைத்தான் ஒருமுறை சொல்லியாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியில் கிடந்த பாக்கெட்டுகளைக் கைத்தராசில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியான எடை.

"அண்ணே, இங்க வாங்க. தப்புப் பண்ணுனது போயிருது. பின்னால வாரது அடி வாங்குது. பாத்தீகளா?"

"பாத்தேன்மா."

மேனேஜரும் பார்த்தார். தராசு பழுது என்றார். தராசைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். தராசு யோக்கியமாகத் திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் மெஷின் கம்பெனி இன்ஜினியரை வீடியோ காலில் கூப்பிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"ஸ்பீடு எதுவும் மாத்துனீங்களா சார்?" என்றார் இன்ஜினியர்.

"சேச்சே" என்றார் மேனேஜர்.

"ஏத்துனோம் சார்" என்றேன் நான். என்னையறியாமல் வந்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் மிளகாயை வறுத்திருக்கலாம்.

இன்ஜினியர் கணக்குப் போட்டு ஓர் எண் சொன்னார். வைக்கப் போனேன். மேனேஜர் என்னை விலக்கிவிட்டுத் தானே வைத்தார். சரிசெய்த பெருமை வேறு ஆளுக்குப் போய்விடக் கூடாதல்லவா? பிறகு கைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று வேடிக்கை பார்த்தார். எடை குறைந்த முதல் பாக்கெட் வந்தது. இப்போது கை சரியான பாக்கெட்டைத்தான் தட்டியது. ஆனால் அதன் வால்பக்கத்தில். பாக்கெட் சுழன்று கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நல்ல காரமான மிளகாய்ப்பொடி. அரை மணி நேரம் மேனேஜர் குழாயடியில் நின்று கண்ணைக் கழுவினார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தும்மலுக்காக என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

காரணம் எளிது. அந்தக் கை காற்றழுத்தத்தில் இயங்குவது; உத்தரவு வந்தாலும் காற்று குழாய் வழியாகப் போய்க் கையைத் தள்ளச் செத்த நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை இன்ஜினியர் கணக்கில் சேர்க்கவில்லை. மேனேஜர் குழாயடியில் இருந்தபோது டிலேயைத் துளித்துளியாகக் குறைத்தேன். மெமோ வாங்கியவள் எடை குறைந்த பாக்கெட்டாகப் பொறுக்கிப் பெல்ட்டில் வைத்தபடி, "இன்னுங் கொஞ்சம் முந்தித் தட்டச் சொல்லுங்கண்ணே... இன்னுங் கொஞ்சம்... ஆங், போதும்" என்றாள். கை பாக்கெட்டை நடுவயிற்றில் தட்டி, அலுங்காமல் பெட்டியில் தள்ளியது.

மறுநாள் மேனேஜர் கண் சிவக்க வந்து, "ஊழியர்களின் கவனக்குறைவு சரிசெய்யப்பட்டது" என்று மேலே எழுதி அனுப்பினார். எழுதியதற்குச் சாட்சி வேண்டுமே! பெண்களுக்கு ஒரு மணி நேரம் கவனப் பயிற்சி வகுப்பு என்றார். வகுப்பெடுக்கச் சொன்னது என்னை. எடுத்தேன்.

முன்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். "ஒரு சந்தேகம்ணே. பொடி கொட்டுறவுக மட்டும் கவனமா இருந்தாப் போதுமா, வேகத்தைக் கூட்டுறவுகளும் இருக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். கதவோரம் நின்ற மேனேஜர், "நல்ல கேள்வி" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"எல்லாரும்தாம்மா" என்றேன். யாரையும் சுடாத பதில். அவள் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வரிசையாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மெமோவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.