நான் ஹிந்தியில் சொல்லாமல் விட்டது

தில்லியில், கரோல் பாகில் ஒரு சந்துக்குள் எங்கள் விடுதி இருக்கிறது. வாசலில் பலகை கிடையாது. அடி வாங்கி ஓடி வந்த பெண்கள் இங்கே தங்குகிறார்கள் என்று எழுதி மாட்டினால், அடித்தவனுக்கு நாமே வழி சொன்னது போல ஆகிவிடும். பன்னிரண்டு கட்டில்கள். முப்பது நாள் தங்கலாம், அவசியமென்றால் நீட்டிப்பார்கள். நான் இங்கே இருப்பது இது பதினோராவது வருஷம். ஒரு துணிப்பையோடு வந்தேன். என் கெடு முடிகிற சமயத்தில் சமையற்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். கரண்டி என் கைக்கு வந்தது. என் பெயர் சந்திரம்மாள், சேலம் பக்கம்.

விடுதியை நடத்துவது ஹர்ப்ரீத் மேடம். பஞ்சாபிக்காரர், தங்கமான மனுஷி. தமிழ்ப் பெண் யாராவது வந்தால் மேடத்துக்கு நான்தான் வாயும் காதும். அவர் ஹிந்தியில் கேட்பார், நான் தமிழில் கேட்டு ஹிந்தியில் சொல்வேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். சமையற்காரிக்கு நாற்காலி போடும் இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

போன ஜனவரியில் இளவரசி வந்தாள். கள்ளக்குறிச்சிப் பெண், இருபத்து நான்கு வயது, இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. புருஷன் பெயரைக் கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டில் ராசு என்று கூப்பிடுவார்கள் என்றாள். அதையே எழுதினோம். சொந்தத்திலேயா கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"அம்மாவோட கடைசித் தம்பிக்குத்தான், அக்கா. தாய்மாமன்தான்" என்றாள்.

நான் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இதை ஹிந்தியில் சொல்லவில்லை. நமக்கு இதெல்லாம் ஒரு செய்தியா?

இரண்டே மாதத்தில் அந்தப் பெண் ஹிந்தியைப் பிடித்துக்கொண்டாள். என் நாற்காலி போயிற்று. மேடம் அவளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தார், தன் ஸ்வெட்டரைக் கொடுத்தார். ஒருநாள் நம் ஊர்க் காய்கள் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அவளுக்காகச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிவந்தார். பதினோரு வருஷமாகக் கறிவேப்பிலை கேட்டுக் கேட்டுக் கொத்தமல்லியே கிடைத்தவள் நான். அவள் ஒற்றைக் கையால் வைத்த புளிக்குழம்பை மேடம் விரலை நக்கிச் சாப்பிட்டுவிட்டு, "சந்திரா, இவகிட்ட கொஞ்சம் கத்துக்கோ" என்று சொன்னார். அன்று அந்தக் குழம்பை நான் தொடவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது.

நானும் சும்மா இருக்கவில்லை. இவள் சமையல் கேஸை வீணாக்குகிறாள், எந்நேரமும் போனில் இருக்கிறாள் என்று மேடத்தின் காதில் போட்டுக்கொண்டே இருந்தேன். மேடம் ஒரு நாள் என்னை நிமிர்ந்து பார்த்து, உனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாவுக்கட்டு பிரிக்க இளவரசியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு ஆள் வந்தான். படிய வாரிய தலை, கையில் ஆப்பிள் பை. மேடம் அவனை அலுவலகத்தில் உட்காரவைத்து என்னை டீ கொண்டுவரச் சொன்னார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இளவரசியோட மாமா, அவ அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. ஊருக்கே கூட்டிட்டுப் போறாராம்" என்று ஹிந்தியில் சொன்னார்.

அவன் போனை நீட்டினான். கோயில் திருவிழாவில் எடுத்த பழைய படம். அக்கா பக்கத்தில் நிற்க, அவன் தோளில் ஐந்து வயது இளவரசி. ஆதார் அட்டையில் செல்வராஜ் என்று இருந்தது; அதுதான் வீட்டில் ராசு என்று எனக்குப் புரிந்தது, மேடத்துக்குப் புரியவில்லை. பொய் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. மாமாதான், அம்மாவின் தம்பிதான். இடத்தையும் அந்தப் பெண்ணே அம்மாவிடம் போனில் சொல்லியிருப்பாள். அம்மா தம்பியிடம் சொல்லாமல் இருப்பாளா? வடக்கே மாமா என்றால் அம்மாவுக்குச் சமம். அவன் மருமகளைக் கட்டுவான் என்று மேடம் கனவிலும் நினைக்கமாட்டார்.

டீயை வைத்தேன். அவன் என்னைப் பார்த்து, "நம்ம ஊருங்களா அக்கா?" என்று பவ்யமாகக் கேட்டான். தலையாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடி தூரம்தான். ஆனால் நான் பாத்திரம் தேய்த்தேன். போகட்டுமே என்று ஒரு எண்ணம். போனால் நாற்காலி திரும்பி வரும், மேடம் திரும்பி வருவார். ஊருக்குத்தானே போகிறாள், அம்மா வீட்டுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

நாலரைக்கு ஆட்டோ வந்து நின்றது. நான் அடுப்படி வாசலுக்கு வந்தேன். இளவரசி அலுவலக வாசலில் அவனைப் பார்த்தாள். கட்டுப் பிரித்த கையை மறுகையால் பொத்திக்கொண்டு, "மாமா" என்றாள், காற்றுப் போல.

"பாத்தியா, மாமாவைப் பார்த்ததும் பேச்சே வரலை" என்று மேடம் சிரித்தார். அவன் எழுந்து அவள் தோளில் கை வைத்தான். அவள் உதறவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

ஈரக்கையோடு உள்ளே போனேன். மேடம், இவன்தான் அவள் புருஷன் என்றேன்.

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. உனக்கு இந்தப் பெண்ணைக் கண்டால் ஆகாது என்று எனக்குத் தெரியும், அதற்காக ஒரு மாமாவையும் மருமகளையும் சேர்த்து இப்படி அசிங்கம் பேசுவாயா என்று கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான், ரொம்பப் புண்பட்டவன் மாதிரி.  இளவரசியின் தோளில் அந்தக் கை இன்னும் இருந்தது.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது.

"ஆமா மேடம், எனக்கு இவளைக் கண்டா ஆகாது. இவ போனா எனக்குத்தான் நல்லது. பொறாமைக்காரி வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும், ஆறு மணி ரயிலோ ஏழு மணி ரயிலோ அவளைக் கொண்டுபோயிருக்கும். எங்க பக்கம் தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுப்பாங்க. என்னையும் அப்படித்தான் கொடுத்தாங்க."

மேடம் இளவரசியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று மெல்லத் தலையசைத்தாள். மேடம் எழுந்து அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, போலீசுக்குப் போன் போட்டார்.

அவனைக் கூட்டிப் போன பிறகு மேடம் இளவரசியைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம் வரவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு அவள் அடுப்படிக்கு வந்தாள். "எப்ப வந்தாரு அக்கா?" என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்காமல், காய்ந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவள் மேடத்திடம் இன்றுவரை மூச்சு விடவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதற்கும் சேர்த்து எனக்கு அவள் மேல் பொறாமையாக இருக்கிறது.