நனையாத நெருப்புப் பெட்டி

ஹட்டனில் நேற்று மாலையிலிருந்து மின்சாரம் இல்லை. மழை மட்டும் இருக்கிறது. மெழுகுவர்த்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குச்சியாக உரசிப் பார்த்தேன். முனையிலிருந்த மருந்து கரைந்து பெட்டியில் ஒட்டியதே தவிர, ஒன்றும் பற்றவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு இருட்டில் சும்மா உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. எழுந்து நடந்தேன், சன்னலைத் திறந்தேன், மூடினேன். அந்த ஈரக் கந்தக வாசனையோடு இன்னொரு வாசனையும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது: பவுடர் தூவிய ரப்பர் வாசனை. இரண்டையும் ஒன்றாக முகர்ந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செடியை மட்டமாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய ஆட்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பது என் வேலை. இருமலுக்குச் சிவப்புத் தண்ணீர், வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணீர், மிச்ச நேரத்தில் குடும்பத் திட்டம். கருத்தடை என்றால் பிள்ளையே வேண்டாம் என்றில்லை, வேண்டியபோது வேண்டிய அளவு பெற்றுக்கொள்வது என்று ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்ல வேண்டும். மனப்பாடமாகச் சொல்வேன். மாத்திரை தினமும் ஒன்று, மறக்கக் கூடாது. லூப் கர்ப்பப்பைக்குள் வைப்பது, வருஷக்கணக்கில் இருக்கும். ஆணுக்கு ரப்பர் உறை. பிள்ளை போதுமென்றால் ஒப்பரேசன். எனக்கு அப்போது கல்யாணமாகியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியது வெட்கத்தால் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சொல்வதற்கு இத்தனை முறை இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். தோட்டத்து லொறி பெண்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒப்பரேசன் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். நம் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தைக் குறைக்கத்தான் இந்த லொறி என்று ஒரு பேச்சு இருந்தது. அது வெறும் பேச்சு என்று சத்தியம் செய்ய நான் இன்றைக்கும் தயாரில்லை. ஆண்களுக்குச் செய்வது இதைவிடச் சின்ன ஒப்பரேசன் என்று நான் ஆரம்பித்தால், ஆண்களுக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

ராமையா மட்டும் வந்தார். கவ்வாத்து ஆள். மூன்று பிள்ளைகள், மூன்றாவது பிரசவத்தில் அவர் மனைவி செவ்வந்தி இரத்தம் போய்ப் பிழைத்ததே பெரிய காரியம். "அவளால இன்னொன்னு தாங்க முடியாதுங்க. என்னயவே வெட்டிருங்க" என்றார். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மழை பிடிக்கிற நேரம் அது. ஒப்பரேசன் முடிந்து வந்தவரிடம், வெட்டிய பிறகும் உள்ளே ஏற்கெனவே தங்கிய விந்தணு கொஞ்ச காலம் இருக்கும், மூன்று மாதத்துக்கு இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெட்டி ரப்பர் உறை கொடுத்தேன். தலையை ஆட்டினார். முறைப்படி இரண்டாம் தடவையும் சொன்னேன். மறுபடியும் ஆட்டினார்.

மழை விட்டபோது செவ்வந்தி முழுகாமல் இருந்தாள்.

பீலியடியில், ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற குழாய் வாயில், நிற்கிற பெண்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? வெட்டிக்கொண்டவர் வீட்டில் கர்ப்பம். அவர்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த ராமையாவின் தங்கை, அண்ணி தூக்கிவந்த தண்ணீரைத் தொட மாட்டேன் என்றாளாம். ராமையா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுக்கத் தொடங்கினார். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தன் பேரைப் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். செவ்வந்தி டிஸ்பென்சரிக்கு வந்தாள். அழவில்லை.

"ஐயா, நீங்கதான அவர கூட்டிட்டுப் போனீங்க. நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சுங்க."

போய்ச் சொன்னேன். மேலே தண்ணீரை அடைத்தாலும் குழாயில் நிற்பது பீலியில் கொட்டும் அல்லவா, அதுபோல என்றேன். என் உவமையை நானே மெச்சிக்கொண்டேன். ராமையா மெச்சவில்லை. "கவ்வாத்து வெட்டுன செடியில மறுநா கொழுந்து எடுக்குறதில்லீங்க" என்றார். உறையைப் போட்டாயா என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி, போட்டேன் என்றார். பெரியாஸ்பத்திரியில் இதைச் சோதித்துச் சொல்வார்களாமே, கூட்டிப்போங்கள் என்றும் கேட்டார்.

சோதனை உண்டுதான். ஆனால் இத்தனை மாதம் கழித்துச் சோதித்தால் அவர் விந்தணு இல்லாமல் சுத்தமாகத்தான் இருப்பார். மழைக்காலத்தில் அவருக்குள் என்ன இருந்தது என்பதை அந்த முடிவு சொல்லாது. லயத்தில் யாருக்கு இந்த வித்தியாசத்தைப் புரியவைப்பது? ஒழுங்காகச் செய்த ஒரு சோதனையே அவளை முடித்துவிடும். அடுத்த கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த நாட்களில் தலைவலிக்கு வந்தவர்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஒரு காலை, தூறலில் பெரட்டுக் களத்தைக் கடந்து போனேன். வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நின்ற கவ்வாத்து ஆட்களில் ஒருவர் பீடி பற்றவைக்க மடியிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். அது ரப்பர் உறைக்குள் இருந்தது, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு. பக்கத்தில் நின்றவருடையதும் அப்படித்தான். பவுடர் வாசனை அடித்தது. என் டிஸ்பென்சரி வாசனை.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"நம்ம ராமையா அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட குடுத்தாருங்க. எந்த மழைக்கும் பெட்டி நனையாது."

ராமையா சாக்குப் படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அங்கேதான் நின்றார். இது எதற்காக, எத்தனை மாதத்துக்காகக் கொடுத்தது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பீலிக் கதையையும் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எடுபட்டது. கூட்டத்தில் ஒரு கிழவர், "பெட்டிய நனையாம காத்துட்டு வீட்டுல தீய வச்சுட்டியேப்பா" என்றார். களமே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு ராமையா என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒரே காம்பராங்க. தங்கச்சி கை எட்டுற தூரத்துல படுத்திருக்கு. அத எடுத்து எப்புடிங்க போடுறது?"

கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு மலைக்கு ஏறினார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பிள்ளைக்கு ராமையாவின் பேரே போட்டார்கள். சோதனையும் செய்தாயிற்று, எதிர்பார்த்தபடியே சுத்தம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் அதை மறந்திருந்தபோது, பால் மறக்கடித்த கையோடு செவ்வந்தி வந்து மாத்திரை கேட்டாள். இனி உனக்கு இது தேவையே இல்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

"அது தெரியுங்க ஐயா. பிள்ளைக்குப் பயந்து கேக்கல. நாள் ரெண்டு தள்ளிப் போனா அவரு பாக்குற பார்வைக்குப் பயந்து கேக்குறேன்."

மாத்திரை போட்டால் மாதம் தவறாமல் வரும் என்று லயம் லயமாகச் சொன்னவன் நான்தான். கொடுத்தேன். எண்பதுகளில், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் பேர் வந்து அவர்கள் புறப்பட்டபோது, ஹட்டன் ஸ்டேசனில் ராமையா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் கிட்டே வந்தாள். "அங்க யார்கிட்டங்க போய் கேக்குறது?" அலமாரியில் மிச்சமிருந்ததையெல்லாம் ஏற்கெனவே பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். லொறி இல்லை, அந்த ஆட்களும் இல்லை. இருக்கிற ஆட்கள் லைட்டர் வைத்திருக்கிறார்கள், அது மழையில் நமத்துப்போவதில்லை. நான் கொடுத்த பொட்டலம் எத்தனை மாதம் வந்திருக்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அது தீர்ந்து, நாள் இரண்டு தள்ளிப்போன மாதம் அவள் என்ன செய்தாள் என்று தெரியாது. எழுந்து இன்னொரு குச்சியை உரசுகிறேன்.