ஒன்று புள்ளி மூன்று பார்

எங்கள் துறைத் தலைவரை நினைத்தால் முகம் பிறகுதான் வரும். முதலில் வருவது, ஆய்வகக் கதவுக்கு மேல் அவர் கட்டச் சொன்ன ஃப்ளெக்ஸ். பத்தடி அகலம். அதில் ஆறடிக்கு அவரே, கோட்டும் டையுமாக, தாடையில் விரல் வைத்து, எதையோ கண்டுபிடித்து முடித்த தோரணையில் நின்றார். மூலையில் பாஸ்போர்ட் படம் அளவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். கீழே மஞ்சள் எழுத்தில் 'மாவட்டத்திலேயே டர்போ பூட்டிய முதல் மோட்டார் சைக்கிள், அழுத்தம் 1.3 பார்' என்றிருந்தது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. முதல் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள் என நான் கேட்கவில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டி எழுப்பிய அந்தத் தனியார் கல்லூரியில் நான் பதினோரு வருஷம் ஆய்வகப் பயிற்றுநராக இருந்தேன். கேட்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் பாடம் நடத்துவதை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, படத்துக்குக் கீழே உள்ள எண் உட்பட வாசிப்பார். யாராவது சந்தேகம் கேட்டால், "அது அடுத்த செமஸ்டர்ல வரும் மக்கா" என்பார். அடுத்த செமஸ்டரில் கேட்டால், "அது போன செமஸ்டர்லயே முடிஞ்சுதே" என்பார். எஞ்சினைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது என்று சொன்னால் அது மிகை. பாகங்களின் பெயர்கள் தெரியும். எது எந்தப் பக்கம் இருக்கும் என்பதில்தான் குழப்பம்.

அந்த மோட்டார் சைக்கிள் கடைசி வருஷ மாணவி ஒருத்தியின் வேலை. குளச்சல் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினைப் பழுது பார்க்கும் பட்டறை. ஒரு பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போவை முந்நூற்றைம்பது சிசி வண்டியில் பூட்டியிருந்தாள். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், சக்தியும் கூடும். ஆனால் எவ்வளவு கூட்டலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு மீறினால் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் தானாகவே வெடிக்கத் தொடங்கும். அந்த அடியைப் பிஸ்டன் அதிக நேரம் தாங்காது.

அந்த அளவைக் கண்டுபிடிக்க அவள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். சிலிண்டருக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, பிஸ்டன் உள்ளே காற்றை அமுக்கும் அளவைக் குறைத்தாள். எஞ்சின் தலையில் ஒரு செம்புக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனை ரப்பர் குழாயைக் காதில் வைத்து, உள்ளே கல் உரசுகிற மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்டாள். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், ஓட்டுவாள், நிறுத்துவாள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்து அட்டவணையில் குறிப்பாள். 0.3 வரைக்கும் பிளக் சுத்தம். 0.35-இல் ஊசிமுனை அளவு வெள்ளிப் பொட்டுகள் இரண்டு. "பிஸ்டன் உருக ஆரம்பிக்குது சார், இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லி 0.3-க்கே திரும்பினாள். நம்மைச் சுற்றியுள்ள காற்றே ஏறத்தாழ ஒரு பார் அழுத்துகிறது. அதையும் சேர்த்து 'மொத்த அழுத்தம் 1.3 பார்' என்று அறிக்கையில் எழுதினாள். ஃப்ளெக்ஸில் இடம் போதவில்லை என்று 'மொத்த' என்ற சொல்லைத் துறைத் தலைவர் எடுத்துவிட்டார். அவர் படத்தைச் சிறிதாக்கியிருந்தால் இடம் இருந்திருக்கும்.

கல்லூரித் தாளாளர் விருந்தினர்களோடு பார்க்க வந்த நாளில், அவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே துறைத் தலைவர் வந்து நின்றார். பின்சக்கரம் உருளைகள்மேல் ஓட, வண்டியை ஒருமுறை முறுக்கிக் காட்டினேன். அழுத்தமானியின் முள் 0.3-இல் நின்றது.

"ஏம்மா, இது என்ன பூஜ்யம் புள்ளி மூணு? வெளிய ஒண்ணு புள்ளி மூணுன்னுல்லா எழுதி வச்சிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இது வெளிக்காத்துக்கு மேல உள்ளத மட்டும் காட்டும். வெளிக்காத்து ஒண்ணையும் சேத்தா ஒண்ணு புள்ளி மூணு."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது சுற்றி நின்ற நாலு மாணவர்களுக்கு முன்னால் தெரிந்துவிட்டதே என்பது மட்டும் விளங்கியது.

"நீ எனக்குக் காத்து படிச்சுத் தருகியா? வள்ளத்து எஞ்சின் கழத்தி மாட்டுதவனுக்க மவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. ஓய், அந்த முள்ள ஒண்ணு புள்ளி மூணுக்குக் கொண்டு வாரும்."

கடைசி வாக்கியம் எனக்கு. அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திறந்துவிடுகிற ஒரு சிறு கதவு டர்போவில் உண்டு. அதன் கம்பியை முறுக்கினால் கதவு திறக்கத் தாமதமாகும், அழுத்தம் ஏறும். அவள் ஸ்பேனரைத் தர மறுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். என் சட்டைப்பையில் வேறொன்று இருந்தது. முறுக்கினேன்.

தாளாளர் வந்தார். அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்றாள். நான் ஏறினேன். முதல் சில நொடிகள் அற்புதமாக இழுத்தது; முள் 0.5, 0.7 என்று ஏறியது. துறைத் தலைவர் கைதட்டினார், விருந்தினர்களும் தட்டினார்கள். 0.9-ஐ நெருங்கும்போது, தகரத்தில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. "சார், விடுங்க! விடுங்க சார்!" என்று அவள் கத்தினாள். துறைத் தலைவர் 'இன்னும், இன்னும்' என்று கையை மேலே காட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். எஞ்சினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு பிஸ்டனோடு இணைந்த தண்டு வெளியே வந்தது. கொதிக்கிற எண்ணெய் என் வலது காலில் முழங்கால் வரை பாய்ந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. என் பெயரில் எழுதிய ஒரு கடிதத்தை அலுவலக ஊழியரிடம் கொடுத்தனுப்பினார். மாணவி நிர்ணயித்த அழுத்தத்திலேயே எஞ்சின் இயக்கப்பட்டது, வடிவமைப்புக் குறையால் உடைந்தது, இப்படிக்கு நேரில் கண்ட சாட்சி. கால் எரிச்சலில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். எரிச்சல் இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன்.

எஞ்சின் உடைந்ததைப் பற்றிக் கல்லூரி நடத்திய விசாரணையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். அங்கிருந்த ஊழியர் சொன்னார். "எஞ்சின் நிக்கும்போ முள்ளு பூஜ்யத்துல இருக்குல்லா சார்? அப்போ எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ள உள்ள காத்துக்கு அழுத்தம் எவ்வளவு?" துறைத் தலைவர் சற்றும் தயங்காமல், "பூஜ்யம்தான். இது என்ன கேள்வி?" என்றாராம். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். முள்ளை 1.3-க்கு ஏற்றச் சொன்னவர் யார் என்று அறையில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் மேசைமேல் என் கையெழுத்து இருந்தது. அவள் அந்த வேலையை மறுபடி செய்து, ஆறு மாதம் பிந்தித்தான் பட்டம் வாங்கினாள்.

அவர் மறு வருஷம் கல்லூரி முதல்வரானார். மோட்டார் சைக்கிளுக்கு டர்போ பூட்டும்போது பாதுகாப்பான அழுத்தம் எது என்று ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அவளுடைய பிளக் அட்டவணை வரி மாறாமல் அதில் இருந்தது, 0.35-இல் கண்ட பொட்டுகள் வரைக்கும். பார்த்து எழுதும்போது மட்டும் அவர் பிழை செய்வதில்லை. கட்டுரையின் ஒரு பிரதியில் 'அன்புடன்' என்று எழுதி எனக்குக் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏழு வருஷம் கழித்து, போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் குளச்சலுக்குப் போனேன். கல்லூரி வேலையை அதற்குள் விட்டிருந்தேன். அவள் வடக்கே ஒரு எஞ்சின் கம்பெனியில் இருக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவின் பட்டறையில், ஒரு வள்ளத்து எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வலது கால் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம்.

"தெரியும் சார். ஒங்களுக்கும் பிள்ளைய இருக்கு, ஜோலி வேணும். அத நான் அப்பமே விட்டாச்சு." கையைத் துணியில் துடைத்தாள். "வேற ஒண்ணு கேக்கட்டா? நான் விடுங்க விடுங்கன்னு சத்தம் போட்டேன்லா. ஒங்களுக்குக் கேட்டுதா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இரைச்சலில் யாரும் நம்புவார்கள்.

"கேட்டுது" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து எஞ்சின்மேல் வைத்தாள்.

"இத்தற வருஷமும் கேட்டிருக்காதுன்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி, விட்ட இடத்திலிருந்து நட்டுகளைக் கழற்றத் தொடங்கினாள்.