ரபீஹா வரவில்லை

பேராசிரியர் வருகைப் பதிவில் "ரபீஹா" என்று கூப்பிட்டபோது, யாரந்தப் பெண் என்று ரபீஹாவும் சேர்ந்து திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பதில் வராததால் அவர் 'வரவில்லை' என்று போட்டுவிட்டார்.

அவள்மேல் என்ன தப்பு? மூத்தவன் லைத் பிறந்ததிலிருந்து இர்பித் ஊருக்கே அவள் உம்மு லைத், லைத்தின் அம்மா. மாமியாருக்கும் அப்படித்தான், கட்டிய கணவனுக்கும் அப்படித்தான். மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய கையோடு, விட்ட படிப்பைப் பிடிக்க, உளவியல் வகுப்பில் அவளும் சேர்ந்திருந்தாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் கணவர் அபூ லைத் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்தவங்க மனசப் படிக்கப் போனவளுக்குச் சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

"நல்லாச் சிரிங்க! அந்தப் பேரச் சொல்லி நீங்க கூப்பிட்டு எத்தன வருஷமாச்சு?"

சிரிப்பு சட்டென்று நின்றது.

மறுநாள் காலை அவள் தெருமுனை சலூனைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தாள். நாலு ஆண்கள் காதுபட மனைவியின் பெயரைச் சொல்வது அந்தத் தெருவில் வெட்கக்கேடு.

"ரபீஹா!"

அபூ லைத்தான். காது சிவக்க வீட்டு வாசலில் நின்றார். சலூனிலிருந்து ஒருவர் பாதி முகம் நுரையோடு எட்டிப் பார்த்தார். அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ ரபீஹா!" தெருவே அதிர்ந்தது.

இப்போது நின்றாள். திரும்பவில்லை, கண் நிறைந்திருந்தது. பள்ளிப்பிள்ளை மாதிரி கையை மட்டும் உயரத் தூக்கினாள்.

"உள்ளேன் ஐயா!"