வேலு மாமா வீட்டுக்குப் பதினான்கு கன மீட்டர்

கான்கிரீட் ஊற்றுகிறவனுக்கு இடுப்பு வலிக்கும். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவனுக்குத் தூக்கம் போகும். இவ்வளவு கல், இவ்வளவு கம்பி, இவ்வளவு கலவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கடைசிக் கரண்டிக் கலவை விழுகிற வரைக்கும் சோறு இறங்காமல் திரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். இல்லையென்றால் கொடுத்துவைத்தவர், சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் வேலை பார்ப்பது கணேசன் அண்ணன் என்கிற சின்னக் கட்டடக் குத்தகைக்காரரிடம். கேமரன் மலையில் வீட்டுக்கும் கடைக்கும் அடித்தளம் போடுவது எங்கள் பிழைப்பு. இரண்டு வருஷம் அவருக்கு அளவு நாடா பிடித்த பிறகு, முதல் முறையாக ஒரு தளத்தின் மதிப்பீட்டை முழுதாக என்னிடம் விட்டார். அது வேலு மாமாவின் வீடு.

வேலு மாமா முப்பத்திரண்டு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மனைவி பாக்கியம் அத்தை மலையில் கொழுந்து வெட்டுகிறவர். மாமாவுக்கு ஓய்வு பெற ஆறே வாரம் இருந்தது. ஓய்வு பெறும் அன்றைக்கே, தோட்டம் கொடுத்த வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். திரிங்காப்பில் அவர்கள் முட்டைக்கோஸ் போட்டுவந்த ஒரு துண்டு நிலத்தில்தான் புது வீடு. பலகைச் சுவரும் தகரக் கூரையும் ஏற்றத் தச்சர் மூன்று வாரம் கேட்டிருந்தார். தளம் காய ஒரு வாரம். ஆக, எனக்கு இரண்டு வாரம். ஒரு தடவை தப்பினால் இன்னொரு தடவை ஊற்ற நாளும் இல்லை, மாமாவின் சேமநிதியில் அதற்குப் பணமும் இல்லை.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். புது அளவு நாடா ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

கயிற்று வீடு

நான் போவதற்கு முன்பே அத்தை வீட்டைக் கட்டி முடித்திருந்தார், பச்சை நைலான் கயிற்றால். மூங்கில் குச்சிகளை நட்டு, முன்கூடம், இரண்டு படுக்கையறை, அடுப்படி எல்லாம் தரையில் பிரித்துவிட்டார். படுக்கையறையில் ஒரு பாய்கூட விரித்துக் கிடந்தது. கால் நீட்டிப் படுத்துப் பார்த்தாராம்.

முப்பது அடிக்கு இருபத்து நான்கு. நாடாவை இழுத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராகப் போனேன். குறுக்களவு பார்த்தால்தானே மூலைமட்டம் தெரியும்? நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"தம்பி, சுவத்துக்குள்ள நடக்கிறீங்க. வாசப்படி அந்தப் பக்கம் இருக்கு."

அள்ளுகூலி

அளவெல்லாம் எழுதிக்கொண்டு, மண்ணின் இறுக்கம் பார்க்கலாம் என்று ஒரு கம்பியைக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. முழங்கால் உயரக் கம்பி, மேலே என் கை மட்டும்தான் மிச்சம். ஏழு வருஷம் கோழிச்சாணம் போட்டுக் கொத்திக் கொத்திப் பதமாக்கிய மண். முட்டைக்கோஸுக்கு அது மெத்தை. கான்கிரீட்டுக்கு மெத்தை ஆகாது. இன்றைக்குப் படுத்தால் நாளைக்கு நடுவில் வெடிக்கும். ஒன்றரை அடியைத் தோண்டி எடுத்துவிட்டு உடைகல் கொட்டி இறுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. இந்த மாதிரிச் செய்தி என்றால் இன்னும் உள்ளே போய்விடும். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. மாமா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

அன்றைக்கே மதிப்பீட்டில் எழுதிவிட்டேன்: மண் அள்ளி அப்புறப்படுத்த, பன்னிரண்டு லோரி நடை. அதற்குப் பக்கத்தில் நான் எழுதிய தொகையைப் பார்த்து நானே இன்னொரு தடவை பெருக்கினேன். மறுநாள் போனால், அக்கம்பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் நாலு பேர் தங்கள் லோரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, உரமேறிய இந்த மண் யாருக்கு எத்தனை நடை, என்ன விலை என்று மாமாவோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து நிலத்துச் சீனர் உடைகல்லைத் தன் லோரியிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவதாகச் சொல்லி, ஆறு நடை மண்ணை முன்கூட்டியே பிடித்துவிட்டார். கீழே ஊரில் மண்ணைக் கொட்ட இடம் தேடுவார்கள். இங்கே கொட்டச் சொல்லி ஆள் வருகிறது. ரெண்டு வருஷம் நாடா பிடித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. மாமா என் தாளை வாங்கி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இதைச் செலவுல எழுதியிருக்கீங்க தம்பி. எடுத்து வரவுல போடுங்க."

சேதாரம்

அடுத்தது கலவை. அரையடி கனத்துக்குத் தளம், சுற்றிலும் ஓரத்தில் ஒரு அடி ஆழமாகக் கான்கிரீட் கட்டு. கூட்டிப் பார்த்தால் பதின்மூன்று கன மீட்டரும் கொஞ்சமும். அதன்மேல் நூற்றுக்குப் பத்துச் சேதாரம் போட்டேன். எல்லாரும் போடுவதுதான். கலவை லோரியின் டிரம்மில் ஒட்டும், தள்ளுவண்டியில் சிந்தும், தரை ஓர் இடத்தில் கால் அங்குலம் பள்ளமாக இருக்கும்.

அத்தை தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். சேதாரம் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். சிந்தாமல் ஊற்ற முடியாதா என்றார். ஓரளவு முடியும் என்றேன். அப்புறம் ஏன் பத்து என்றார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருபத்தெட்டு வருஷம் தராசு முள்ளைப் பார்த்து நின்றவரிடம் பத்து எடுபடுமா? ஐந்தாக்கிவிட்டேன். மொத்தம் பதினான்குக்குள் அடங்கியது. அதற்கும் அவருக்குத் திருப்தி இல்லை.

"மழைக் கொழுந்துன்னா எடை எழுதுற கிராணி ஈரத்துக்குன்னு கழிப்பாரு. நீங்க சேதாரம்னு கூட்டுறீங்க. கழிச்சாலும் எங்களுக்குத்தான், கூட்டுனாலும் எங்களுக்குத்தானா?"

ஏற்றம்

பதினான்கு கன மீட்டர், லோரிக்கு ஏழு, இரண்டு நடை. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? ரிங்லெட் பக்கத்துக் கலவை ஆலைக்குப் போய் அப்படித்தான் சொன்னேன். அங்கே லோரியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் மணியம் அண்ணன் குழாயை நிறுத்திவிட்டு, எந்த இடம் என்று கேட்டார். திரிங்காப், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் மண் ரோடு என்றேன். அவர் என் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். மலையில் ஏறும்போது டிரம் பின்பக்கம் சாயும். நிரப்பினால் வாய் வழியாக வழியும். மூன்றரைக்கு மேல் ஏற்ற முடியாதாம். அப்போ நான்கு நடை. போக்குவரத்துச் செலவு இரண்டு மடங்கு. மண்ணில் மிச்சமானது இதில் போய்விட்டது.

"முழு டிரம் ஏத்துனா, பின்னால வர்ற காருக்கெல்லாம் தளம் போட்டுக்கிட்டேதான் வரணும் லா."

சனிக்கிழமை

நாள் குறித்தது அத்தை. நாட்காட்டியில் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நல்ல நேரம் இருந்தது. தோட்டத்து ஆட்களும் உதவிக்கு வரலாம். எனக்கும் சரியென்று பட்டது. அன்றைக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பள்ளிக்கூடம் விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

எட்டரைக்கு முதல் லோரி ஏறி வந்தது. சலசலவென்று கலவை இறங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாளில் எழுதிய எண் கண்ணெதிரே சாம்பல் நிறத்தில் ஓடுகிறது! இரண்டாவதும் வந்தது. மூன்றாவது ஒரு மணி நேரம் தாமதம். முக்கால் தளம் முடிந்து பன்னிரண்டரைக்கு மணியம் அண்ணன் போன் செய்தார். நாலாவது நடையோடு, வழியிலுள்ள பிரிஞ்சாங் ஊரைத் தாண்டாமல் நிற்கிறார். விடுமுறைக்கு ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டன, அரை மணியில் பத்து அடிகூட நகரவில்லையாம். டிரம்மில் இருப்பது கெட்டியாகும். இங்கே ஊற்றியதன் ஓரமும் இறுகும். இறுகினதன்மேல் புதுசை ஊற்றினால் இரண்டும் சேராது. அந்தக் கோட்டில் தளம் பிளக்கும். பெர்த்தாமில் வேறு வேலையில் இருந்த கணேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். கணக்குப் போட்டவனே முடிவும் பண்ணு என்று போனை வைத்துவிட்டார்.

மாமாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இந்த முறை ஒரே தடவையில் அவருக்குக் கேட்டது. பிரிஞ்சாங்குக்குப் பின்னால், லோரி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, தோட்டத்து ரோடு ஒன்று பிரிகிறது என்றார். தேயிலைக்கு நடுவே வளைந்து வந்து திரிங்காப் பக்கம் இறங்கும். ஆனால் கேட்டுக்குப் பூட்டு. வெளி லோரி போக மேனேஜர் சொல்ல வேண்டும். மாமா அவரை இன்றைக்கும் துரை என்றுதான் சொல்வார். வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் தவணை கேளுங்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னபோதுகூட, இத்தனை வருஷம் ஒன்றும் கேட்டதில்லை, போகும்போதா கேட்பது என்று மறுத்துவிட்ட மனுஷன். போனைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பல் தளத்தையே பார்த்தார். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மாமா எண்ணை அழுத்தி, நின்ற நிலையிலேயே நேராக நிமிர்ந்து பேசினார்.

துரைக்கு ஒரே கேள்வி: லோரி எவ்வளவு கனம், நடுவில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. போன் என் கைக்கு வந்தது. கலவை எட்டரை டன், லோரி பன்னிரண்டு, மொத்தம் இருபதரை என்று சொன்னேன். மனக்கணக்குத்தான். குரல் கொஞ்சம் ஓங்கியே வந்திருக்க வேண்டும், கரண்டி பிடித்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உரம் ஏற்றி வரும் லோரி அதைவிடக் கனம், வரட்டும் என்றார் துரை. போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஏன் வேலு, ஒரு கேட்டைத் தொறக்கச் சொல்ல முப்பத்திரண்டு வருஷமா?"

தளம்

இருபது நிமிஷம் கழித்து எதிர்மலையில் பச்சை வரிசைகளுக்கு நடுவே டிரம் சுற்றிக்கொண்டே இறங்குவது தெரிந்தது. சாமி ஊர்வலம் வருகிற மாதிரி எல்லாரும் ரோட்டோரம் வந்து நின்றோம். நான் பாலத்தை மட்டும் பார்த்தேன். தாண்டியது. அதற்குப் பிறகு யார் எதைச் செய்தார்கள் என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. கொழுந்து வெட்டுகிற பெண்கள் தள்ளுவண்டி தள்ளினார்கள். ஊற்றிய ஓரத்தில் விரலை அழுத்தினேன், இன்னும் குழைந்தது. புதியதும் பழையதும் கலக்கக் கலக்கக் குத்திவிட்டோம். மட்டப்பலகை கடைசி ஓரத்தைத் தொட்டபோது தள்ளுவண்டியில் கால் பங்கு கலவைதான் மிச்சம். மூன்று மணிக்கு மழை பிடித்தது. பக்கத்துச் சீனர் தன் செடிக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து இழுத்து மூடினோம். விரிப்பின்மேல் மழை கொட்டியது. நாங்கள் நனைந்துகொண்டே சிரித்தோம்.

மறுநாள் காலை விரிப்பை விலக்கிக் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சாவி கொடுக்க இன்னும் நாலு வாரம் இருந்தது. தச்சர் வந்து ஓரத்தில் நின்றபடியே அளவுகூட எடுத்துப் போய்விட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கினார். இன்னும் மூன்று நாளைக்கு யாரும் ஏறக்கூடாது, மலைக் குளிருக்குக் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும் என்று தடுத்தேன். தூக்கிய காலை இறக்காமல் என்னைப் பார்த்தார்.

"தோட்டத்து வீட்டுல ஆணி அடிக்கக்கூட ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டேன். இப்ப என் சொந்த வீட்டுல கால வைக்க உங்ககிட்ட கேட்கணுமா?"

என் முதல் மதிப்பீட்டில் விட்டுப்போனவை மண்ணின் விலை, மலையின் ஏற்றம், பள்ளி விடுமுறை, பகல் மழை, ஒரு பூட்டிய கேட். மற்றபடி கணக்கு சரியாகத்தான் இருந்தது.